கணக்குக் காட்டாதவர் ஓலை குடத்தில் விழாது

இன்னிக்கு எபிசோட் ஒரு போன் ரிப்பேர்ல ஆரம்பிச்சு, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு கல்வெட்டுக்குப் போய், திரும்பவும் அந்த போனுக்கே வரப்போகுது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஊர் பெயர்தான்: உத்திரமேரூர்.

போன பொங்கலுக்கு அங்க போயிருந்தேன். சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். என் அத்தை அங்க இருக்காங்க. வீட்டுத் திண்ணையில ரெண்டு தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாங்க. கழுத்து டிசைன், கை டிசைன் எல்லாம் போன்லதான் பார்க்கிறது. லேப்டாப்போ கம்ப்யூட்டரோ அவங்க வீட்டுல எப்பவும் இருந்ததில்ல.

நான் பையைக் கீழ வைக்கிறதுக்குள்ள போனை நீட்டினாங்க. "டேய், இதுல ஏதோ புகுந்துடுச்சுடா. டிசைன் பார்க்கத் தொட்டா லோன் வேணுமான்னு கேக்குது. மூடலாம்னு எக்ஸைத் தொட்டா இன்னொண்ணு திறக்குது. ராத்திரி பூரா டிங் டிங்னு சத்தம்."

பார்த்தேன். ஏதோ ஒரு தளத்துல "உங்கள் போனில் வைரஸ் உள்ளது"ன்னு ஒரு விளம்பரம் வந்திருக்கு. பயந்துபோய் அழுத்தியிருக்காங்க. அடுத்து வந்த "அனுமதி" பட்டனையும் அழுத்தியிருக்காங்க. உண்மையில அது வைரஸ் இல்ல. நோட்டிஃபிகேஷன் அனுப்ப அந்தத் தளத்துக்கு பிரவுசர் வழியா கொடுத்த அனுமதி. செட்டிங்ஸ்ல போய் அதை எடுத்துவிட்டேன், சத்தம் நின்னுடுச்சு.

"இனிமே வராதுல்ல?" அப்படின்னாங்க.

எனக்குப் பதில் சொல்ல வரல. என் லேப்டாப்ல இந்த மாதிரி வர்றதில்ல. பதினஞ்சு வருஷமா அதுல விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா அத்தை போன்ல கூடவே வந்த பிரவுசர்ல எக்ஸ்டென்ஷன் போட இடமே கிடையாது. அப்போ போடுற மாதிரி ஒரு பிரவுசரைத் தேர்ந்தெடுக்கணும். எதை? யாரை நம்பி?

மறுநாள் காலையில காபி குடிச்சுட்டு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடந்தேன்.

சுவர்ல எழுதின தேர்தல் விதி

அந்தக் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ரெண்டு இருக்கு. ஒண்ணு 919, இன்னொண்ணு 921. ஊர்ச் சபையோட வாரியங்களுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கணும்கிற விதிகள். பள்ளிக்கூடத்துல "குடவோலை முறை"ன்னு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சிருப்போம்.

அப்போ அந்த ஊருக்கு உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம்னு பேர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புன்னா இன்னிக்கு நாம சொல்ற வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். சபை முழுக்கக் கூடியிருக்கும்போது, கோயில் நம்பிமாரில் மூத்தவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சின்னப் பையன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில ஏதும் ஒளிச்சு வெச்சிருக்கக் கூடாதுங்கிறதுக்காக அப்படி.

குடத்தைவிட எனக்குப் பிடிச்சது அதுக்கு முன்னாடி இருக்கிற பட்டியல், அதாவது யார் பெயரைக் குடத்துல போடவே கூடாதுங்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவர் மட்டும் இல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது, எந்தெந்த உறவுன்னு வரிசையா எழுதியிருக்கு. பிறர் பொருளைத் திருடினவர் கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது. பதவிக்காலம் 360 நாள். இடையில் தவறு செய்தது தெரிந்தால் அப்போதே நீக்கலாம்.

இன்னொரு விஷயம். 919ல வயது வரம்பு 30 முதல் 60. 921ல அதை 35 முதல் 70ன்னு மாத்தியிருக்காங்க. கல்லுல வெட்டின விதியையே ரெண்டு வருஷத்துல திருத்தியிருக்காங்க. இன்னிக்கு மொழியில சொன்னா, வெர்ஷன் 2.

சரி, இதை மனசுல வெச்சுக்கங்க. இப்போ பிரவுசருக்கு வர்றேன்.

நீட்சி நமக்கு என்ன செஞ்சுது

எக்ஸ்டென்ஷனைத் தமிழ்ல நீட்சின்னு சொல்றோம். பிரவுசரைச் செஞ்ச கம்பெனி நினைக்காத ஒண்ணை, வெளியாள் எழுதி அதுல சேர்க்கிறது. இதைப் பரவலாக்கினது ஃபயர்ஃபாக்ஸ். அதோட 1.0 பதிப்பு 2004 நவம்பர் 9ல வந்துச்சு. பிரவுசரைச் சின்னதா வெச்சுக்கலாம், வேணுங்கிறவங்க வேணுங்கிறதைச் சேர்த்துக்கட்டும்கிறதுதான் யோசனை.

இந்த யோசனையால தமிழுக்கு நேரடியா லாபம் கிடைச்சுது. அந்தக் காலத்துல தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வெச்சிருந்தாங்க. ஒரு பத்திரிகைக்கு ஒரு ஃபான்ட் இறக்கணும், இன்னொண்ணுக்கு இன்னொண்ணு. பத்மான்னு ஒரு ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி வந்து, அந்தப் பழைய குறியாக்கத்தை எல்லாம் யூனிகோடா மாத்திக் காட்டுச்சு. பிரவுசருக்குள்ளயே தமிழ் தட்டச்சு பண்ண தமிழ்விசைன்னு ஒரு நீட்சி இருந்துச்சு. நம்ம மொழிக்கு ஒரு வசதி செஞ்சு கொடுங்கன்னு எந்தப் பெரிய கம்பெனி வாசல்லயும் போய் நிக்காம, தெரிஞ்சவங்க எழுதினாங்க, தேவைப்பட்டவங்க போட்டுக்கிட்டாங்க.

2006ல ஆட்பிளாக் பிளஸ். 2008 செப்டம்பர்ல குரோம் வந்துச்சு, 2010 ஜனவரியில அதுக்கும் நீட்சிகள் வந்துச்சு. கம்ப்யூட்டர் வெச்சிருந்தவங்களுக்கு அவங்க பிரவுசர் அவங்க சொன்னபடி நடந்துச்சு.

போன்ல நிலம் இல்லாதவங்க

போன் கதை வேற. நான் காலேஜ் படிச்சப்போ என்கிட்ட ஒரு நோக்கியா பட்டன் போன். தமிழ்த் தளம் திறந்தா கட்டம் கட்டமாத்தான் தெரியும். அப்போ பசங்களுக்குள்ள ஒரு ரகசியம் சுத்துச்சு. ஓப்பரா மினி முகவரிப் பட்டையில 'ஓப்பரா' போட்டு, ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் 'கான்ஃபிக்'னு அடி. ஒரு பக்கம் வரும். கடைசியில சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் ஃபான்ட் பயன்படுத்தவான்னு ஒரு வரி இருக்கும், அதை 'யெஸ்' ஆக்கு. அவ்வளவுதான். ஓப்பராவோட சர்வர் தமிழ் எழுத்தைப் படமா மாத்தி அனுப்பும், பட்டன் போன்ல தமிழ் மலரும். நான் முதல்ல படிச்ச வலைப்பூ எல்லாம் அப்படித்தான்.

அது வரம்தான். ஆனா நாம படிச்சது எல்லாமே நடுவுல ஒரு கம்பெனி சர்வர் வழியாப் போய் வந்துச்சு. வேற எதையும் நாமளா சேர்க்கவும் முடியாது.

போன்ல நீட்சி போட முடியும்னு ஃபயர்ஃபாக்ஸ் காட்டினது 2010 ஜனவரியில, நோக்கியா என்900 போன்ல. நம்ம ஊர்ல அதை வாங்கினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஆண்ட்ராய்டுக்கு 2011 மார்ச்ல வந்துச்சு. 2012 ஜூன்ல ஆண்ட்ராய்டு குரோம் முழுப் பதிப்பா வந்தப்போ அதுல நீட்சிக்கு இடம் கொடுக்கல. போன்ல மெமரி கம்மி, பேட்டரி கம்மிங்கிறதெல்லாம் நியாயமான காரணம்தான். கூடவே இன்னொண்ணையும் சொல்லணும். கூகுளோட வருமானத்துல பெரும்பங்கு விளம்பரம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்ல முன்கூட்டியே இருக்கிற பிரவுசர் குரோம்.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. டேட்டா விலை சரிஞ்சுது. உத்திரமேரூர் மாதிரி ஊர்கள்ல லட்சக்கணக்கானவங்க முதல் முறையா இன்டர்நெட்டுக்கு வந்தது நேரா போன் வழியா. கம்ப்யூட்டர்ங்கிற படியை அவங்க மிதிக்கவே இல்ல.

குடவோலைக் கல்வெட்டுல ஒரு தகுதி இருக்கு. வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது சொந்தமா இருக்கணும், அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் வீடு இருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். அதனால பெண்கள், நிலமில்லாதவங்க, பிராமணர் அல்லாதவங்க யாரோட பெயரும் குடத்துல விழுந்ததில்ல. சனநாயகம்னு பெருமையாப் பேசும்போது இதையும் சேர்த்தே பேசணும்.

பிரவுசர் உலகத்துலயும் கம்ப்யூட்டர்தான் அந்தக் கால் வேலி நிலம். அது இருந்தவங்களுக்கு, எந்த விளம்பரம் வரணும், எழுத்து எவ்வளவு பெருசா தெரியணும்னு தீர்மானிக்கிற உரிமை இருந்துச்சு. போன் மட்டும் இருந்தவங்களுக்கு அது இல்ல. என் அத்தை ரெண்டு கணக்குலயும் வெளியில நின்னவங்க.

சுவர் விதியை வெச்சுப் பார்த்தா

ஆனா நீட்சியைச் சும்மா கொண்டாடிட முடியாது. ஒரு விளம்பரத் தடுப்பானைப் போடும்போது அது என்ன அனுமதி கேக்குதுன்னு பாருங்க. எல்லா இணையதளத்துலயும் உள்ள உங்க தரவைப் பார்க்க அனுமதி. நீங்க தட்டுற பாஸ்வேர்டும் அதுல சேர்த்திதான். வீட்டுச் சாவியை ஒருத்தர்கிட்ட கொடுக்கிற மாதிரி. அதனால கோயில் சுவர் முன்னாடி நின்னு ஒவ்வொரு விதியா வெச்சுப் பார்த்தேன்.

முதல் விதி, கணக்கு. இந்தியாவுல சில வருஷம் யூசி பிரவுசர்தான் கொடிகட்டிப் பறந்துச்சு. 2015 மே மாசம் டொரன்டோ பல்கலைக்கழகத்தோட சிட்டிசன் லேப் ஒரு ஆய்வை வெளியிட்டுச்சு. பயன்படுத்துறவங்களோட அடையாள விவரங்கள், தேடுற சொற்கள் எல்லாம் சரியான பாதுகாப்பு இல்லாம வெளியே போகுதுன்னு காட்டினாங்க. 2020 ஜூன் 29ல மத்திய அரசு தடை செஞ்ச 59 சீன ஆப்ல யூசியும் ஒண்ணு. தடைக்கு அரசியல் காரணமும் உண்டு. ஆனா எனக்கு முக்கியமான கேள்வி அஞ்சு வருஷம் முன்னாடியே எழுந்துடுச்சு: உள்ள என்ன செய்யறேன்னு இவர் கணக்குக் காட்டுறாரா? ஒரு மென்பொருள் கணக்குக் காட்டுறதுன்னா, அதோட மூலநிரல் யார் வேணும்னாலும் படிக்கிற மாதிரி திறந்திருக்கிறதுதான். விரல் அஞ்சையும் விரிச்சுக் காட்டுறது.

ரெண்டாவது விதி, உறவினர். கணக்குக் காட்டாதவரோட மச்சானுக்கு எதுக்குத் தண்டனைன்னு தோணும். 'தி கிரேட் சஸ்பெண்டர்'னு ஒரு குரோம் நீட்சி, திறந்து கிடக்கிற டேப்களைத் தூங்க வைக்கும். நல்ல பேர், லட்சக்கணக்கான பயனர்கள். 2020ல எழுதினவர் அதை வேற ஒருத்தருக்கு வித்துட்டார். பேர் அதே பேர், படம் அதே படம், ஆள்தான் வேற. 2021 பிப்ரவரியில அதுல தீங்கான நிரல் இருக்குன்னு கூகுளே நீக்குச்சு. நல்லவரை நம்பிச் சாவி கொடுக்கிறோம், சாவி கை மாறிடுது. யாரோட யாருக்கு என்ன உறவுன்னு சபை அவ்வளவு நுணுக்கமா எழுதினதுக்கு அர்த்தம் அப்போதான் புரிஞ்சுது.

மூணாவது, தனி ஆள்கிட்ட ஏரியைக் கொடுக்காதே. ஏரி வாரியத்துல 6 பேர், தோட்ட வாரியத்துல 12 பேர். வைரமேக தடாகம்னு சொல்ற அந்தப் பெரிய ஏரி ஒருத்தரை நம்பி இல்ல. ஆண்ட்ராய்டுல குரோம் நீட்சிகளையே போட வெச்ச கிவி பிரவுசர் ஞாபகம் இருக்கா? 2019ல அந்த வசதி வந்தப்போ பசங்க கொண்டாடினாங்க. நானும் போட்டிருந்தேன். அதை முக்கியமா இழுத்துக்கிட்டு வந்தது ஒரே ஒரு டெவலப்பர். குரோமியத்துல வர்ற ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும் தனி ஆளா சேர்க்கிறது மனுஷனால ஆகிற வேலையா? 2025 ஜனவரியில கிவி நின்னுடுச்சு. அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல, நன்றிதான். ஆனா பழைய கிவியை இன்னும் போன்ல வெச்சிருக்கிறவங்க, தயவுசெஞ்சு எடுத்துடுங்க. ஓட்டை அடைக்க இனி ஆள் வரமாட்டாங்க.

நாலாவது, பெரிய சபையும் தப்பு பண்ணும். 2019 மே மாசம் ஃபயர்ஃபாக்ஸ்ல ஒரு சான்றிதழ் காலாவதியாகிப் போய், உலகம் முழுக்க எல்லாருடைய நீட்சிகளும் ஒரே நாள்ல செயலிழந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல ஆண்ட்ராய்டு பதிப்பைப் புதுசா எழுதி வெளியிட்டப்போ, அதுவரைக்கும் இருந்த ஆயிரக்கணக்கான நீட்சிகளுக்குப் பதிலா விரல் விட்டு எண்ணுற அளவுதான் வேலை செஞ்சுது. மூணு வருஷத்துக்கு மேல காத்திருந்து, 2023 டிசம்பர் 14ல தான் கதவைத் திரும்பத் திறந்தாங்க. அன்னிக்கு 400க்கு மேல நீட்சிகள். 919ல எழுதி 921ல திருத்தின மாதிரிதான், இவங்களுக்குக் கொஞ்சம் கூட நாள் ஆச்சு.

அப்போ என்ன தேர்ந்தெடுத்தேன்

திண்ணைக்குத் திரும்பி வந்து, அத்தை போன்ல ஃபயர்ஃபாக்ஸ் போட்டேன். நீட்சி ஒண்ணே ஒண்ணு: யூபிளாக் ஆரிஜின். ரெண்டோட நிரலும் திறந்திருக்கு. இந்த நீட்சியை எழுதறவர் நன்கொடைகூட வாங்கறதில்ல. குரோம் தன்னோட நீட்சி விதிகளை மாத்தினதுல கம்ப்யூட்டர் குரோம்லயே இதோட முழுப் பதிப்புக்கு இடம் இல்லாம போச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல இன்னும் முழுசா ஓடுது. ஃபயர்ஃபாக்ஸும் குறை இல்லாததில்ல. அதை நடத்துற மொசில்லாவுக்கு வர்ற வருமானத்துல பெரும்பகுதி, தேடுபொறியா கூகுளை வைக்கிறதுக்காகக் கூகுள் கொடுக்கிற பணம். ஆனா அந்தக் கணக்கை வருஷா வருஷம் வெளியிடுறாங்க, அதனாலதான் நமக்குத் தெரியுது.

வேற வழிகளும் இருக்கு. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2024ல இருந்து ஆண்ட்ராய்டுல தேர்ந்தெடுத்த சில நீட்சிகளை அனுமதிக்குது. பிரேவ்ல நீட்சி கிடையாது, ஆனா விளம்பரத் தடுப்பு உள்ளயே இருக்கு. அது மட்டும் போதும்கிறவங்களுக்குச் சுலபம். ஐபோன் வெச்சிருக்கிறவங்களுக்கு சஃபாரியில 2021ல வந்த ஐஓஎஸ் 15ல இருந்து நீட்சிகள் உண்டு, ஆப் ஸ்டோர் வழியா. ஐபோன் ஃபயர்ஃபாக்ஸ்ல நீட்சி வராது, ஏன்னா அதுக்குள்ள ஓடுறதும் ஆப்பிளோட எஞ்சின்தான்.

நீட்சியை நீங்க எங்க போட்டாலும் நான் அத்தைக்குச் சொன்ன மூணு விஷயம் பொருந்தும். நீட்சி எண்ணிக்கையைக் குறைவா வைங்க. பேங்க் வேலையை பேங்க் ஆப்லயே பண்ணுங்க. உங்களுக்குப் பிடிச்ச சின்னத் தமிழ்த் தளம் விளம்பரத்தை நம்பித்தான் நடக்குதுன்னா, அதுக்கு மட்டும் தடுப்பை எடுத்துவிடுங்க, ஒரு பட்டன்தான்.

அத்தை அவங்க வழக்கமாப் போற டிசைன் பக்கத்தைத் திறந்தாங்க. படங்கள் மட்டும் வந்துச்சு. மேலயும் கீழயும் தள்ளிப் பார்த்தாங்க. "இந்தப் பக்கத்துல இவ்வளவுதான் இருந்துச்சா?" அப்படின்னாங்க. அப்புறம் கேட்டாங்களே ஒரு கேள்வி: "இதைப் போட்டவன் நாளைக்கு மாறிட்டான்னா?"

அத்தை அந்தக் கல்வெட்டைப் படிச்சதில்ல. கோயிலுக்கு எதிர்லயே வாழ்க்கை முழுக்க நடந்து போயிருக்காங்க, அவ்வளவுதான். ஆனா சபை கேட்ட கேள்வியைத்தான் அவங்களும் கேட்டாங்க.

அவங்க போன் காலண்டர்ல ஒரு நினைவூட்டல் வெச்சுட்டு வந்தேன், 360 நாள் கழிச்சு. அன்னிக்கு நானோ அவங்களோ பிரவுசரைத் திறந்து, யார் யார் உள்ள இருக்காங்க, எழுதினவர் அதே ஆள்தானா, அனுமதி கூடியிருக்கா, இன்னும் தேவைதானான்னு பார்க்கணும். தேவை இல்லைன்னா எடுத்துடணும். இந்த தடவை யாரை வைக்கிறது, யாரை எடுக்கிறதுன்னு முடிவு பண்ணப்போறது அத்தைதான். கால் வேலி நிலம் யாரும் கேக்கப்போறதில்ல.

நீங்களும் இந்த எபிசோடை நிறுத்தினதும் உங்க பிரவுசரைத் திறந்து அந்தப் பட்டியலை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.